நூலும் நம் நெஞ்சும்

மும்பை மாநகரின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால், மாட்டுங்காவும் தாராவியும் அடுத்தடுத்து இருப்பதைக் காணலாம். இரண்டிற்கும் இடையே பெரிய ஆறு எதுவும் இல்லை, மலையும் இல்லை. இருப்புப்பாதை ஒன்றுதான் குறுக்கே செல்கிறது. அதனைக் கடந்தால் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு நடந்தே போய்விடலாம். இவற்றிற்குக் கிழக்கே சிறிது தொலைவில் இருப்பது செம்பூர். இம்மூன்று இடங்களிலும் தமிழ் ஒலிக்கிறது. ஆயினும் மூன்றும் வெவ்வேறு தமிழுலகங்கள்.

மாட்டுங்காவிற்கு வந்த தமிழர் பெரும்பாலும் ஆங்கிலக் கல்வி கற்றவர். அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் சுருக்கெழுத்தராகவும் வேலை பெற்றவர். அவர்கள் கோயில் கட்டினர், பள்ளி அமைத்தனர். 1932ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1963இல் சண்முகானந்தா அரங்கம் எழுந்தது. தாராவிக்கு வந்தவருள் மிகப் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து புறப்பட்ட உழைப்பாளர். தோல் பதனிடும் தொழிலும், சுமை தூக்கும் வேலையும், சிறு பட்டறைகளும் அவர்களுக்குச் சோறு தந்தன. செம்பூர் பிற்காலத்தில் பெருகிய குடியிருப்பு. நாடு விடுதலை பெற்ற பின்னர் டிராம்பேப் பகுதியில் எழுந்த தொழிற்சாலைகளிலும் அணு ஆராய்ச்சி நிலையத்திலும் வேலை பெற்றவர்களும், பழைய குடியிருப்புகளில் இடம் போதாமல் வெளியேறியவர்களும் அங்கே வீடு கண்டனர்.

ஒரே மொழி பேசும் இம்மூவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கிறார்களா? மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குழந்தை, இருப்புப்பாதைக்கு அப்பால் உள்ள தமிழ்க் குழந்தையின் வீட்டில் ஒரு நாளேனும் உணவு உண்டதுண்டா? இத்தகைய கேள்வியைத் தேர்தல் மேடையில் எவரும் எழுப்புவதில்லை. சங்கத்தின் ஆண்டு விழாவிலும் இதற்கு இடமில்லை. நல்ல இலக்கியம் மட்டுமே இதனை எழுப்புகிறது. அதுவும் உரக்கக் கேட்பதில்லை. படிப்பவர் தனியாக இருக்கும் வேளையில், அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் கேட்கிறது. புகழ்பெற்ற எழுத்தாளர்களை நாம் எதற்காகப் படிக்கிறோம் என்பதனை ஆராய்வதற்கு, மும்பைத் தமிழர் வாழ்வு நல்லதொரு களமாகும். தில்லியிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நமக்கும் அது பொருந்தும்.

தற்சோதனை என்பது யாது?

தன்னைத் தானே ஆராய்தல் நமக்குப் புதிய கருத்தன்று. அயலாரின் குற்றத்தைக் காணும் அதே கண்ணால் தன் குற்றத்தையும் காணக் கூடுமாயின் உயிர்களுக்குத் துன்பமே இல்லை என்பது வள்ளுவர் கருத்து. அவர் இதனைப் புறங்கூறாமை என்னும் அதிகாரத்தில் வைத்திருப்பது எண்ணத்தக்கது. பிறரைப் பற்றிப் பேசுவதற்குத் திறந்த வாய், தன்னைப் பற்றிய உண்மையின் முன் மூடிக்கொள்கிறது என்பதனை அவர் அறிந்திருந்தார். காந்தியடிகளும் தம் வாழ்க்கை வரலாற்றுக்குச் 'சத்திய சோதனை' என்னும் பொருள்படவே பெயரிட்டார். 1925ஆம் ஆண்டு தொடங்கி அது 'நவஜீவன்' இதழில் தொடராக வெளிவந்தது. அந்த ஆண்டுகளில் அவர் மும்பைக்கு வரும்போதெல்லாம் தங்கிய மணிபவனம் இன்றும் காம்தேவிப் பகுதியில் நினைவகமாக நிற்கிறது.

தற்சோதனையைப் போன்றே தோன்றி, அதற்கு மாறாக அமைவன இரண்டு உண்டு. ஒன்று தன்னிரக்கம், மற்றொன்று தற்பெருமை. வேற்று மாநிலத்தில் குடியேறியவர்க்கு இவ்விரண்டும் எளிதில் வாய்க்கின்றன. "நம்மை இங்கே எவரும் மதிப்பதில்லை" என்பது முன்னது. "நம் மொழிக்கும் பண்பாட்டிற்கும் இணை எது?" என்பது பின்னது. இவ்விரண்டிலும் ஓரளவு உண்மை இல்லாமல் இல்லை. 1966இல் சிவசேனை தோன்றிய பின்னர், மும்பையில் தென்னிந்தியர்க்கு எதிராக நடைபெற்ற கிளர்ச்சிகள் பலரை அச்சத்தில் ஆழ்த்தின. கடைகள் தாக்கப்பட்டன, வேலைவாய்ப்பைப் பற்றிய கசப்புத் தெருவிற்கு வந்தது. அத்துன்பம் மெய். ஆனால் துன்பம் அடைந்தவர் என்ற காரணத்தினாலேயே ஒருவர் நேர்மையாளர் ஆகிவிடுவதில்லை. ஒரு தெருவில் தள்ளப்பட்டவர், மறு தெருவில் தாமே பிறரைத் தள்ளக்கூடும். தன்னிரக்கமும் தற்பெருமையும் காட்டாத இப்பகுதியைக் காட்டுவதே தற்சோதனையின் பணி.

திரைப்படங்கள் தாராவித் தமிழரை நாடறியச் செய்துள்ளன. 1987இல் 'நாயகன்' வந்தது. 2018இல் 'காலா' வந்தது. இரண்டிலும் ஒரு தலைவன் எழுந்து தன் மக்களைக் காக்கின்றான். அவற்றைப் பார்த்து நாம் நெஞ்சு நிமிர்த்தலாம். அதில் தவறில்லை. எனினும், காலையில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடி, மாலையில் சோர்ந்து திரும்பும் தலைவனல்லாத மனிதனை அறிய வேண்டுமாயின் நாம் நாவலையும் சிறுகதையையுமே நாட வேண்டும். ஏனெனில் நாமும் அந்த மனிதனே.

தொலைவிலிருந்து தன் ஊரைக் கண்டவர்

அத்தகைய மனிதனை எழுதியவருள் முதன்மையானவர் நாஞ்சில் நாடன். இயற்பெயர் சுப்பிரமணியம். 1947இல் குமரி மாவட்டத்து வீரநாராயணமங்கலத்தில் பிறந்து, கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, ஊரில் வேலை கிடைக்காமல் மும்பை சென்றவர். 1970களிலும் 1980களிலும் அந்நகரிலேயே வாழ்ந்தார். அவருடைய முதற்சிறுகதையாகிய 'விரதம்' 1975இல் 'தீபம்' இதழில் வெளிவந்தது. முதல் நாவலான 'தலைகீழ் விகிதங்கள்' 1977இல் வந்தது.

இந்த முதல் நாவல் மும்பையைப் பற்றியதன்று என்பதனை நாம் கவனித்தல் வேண்டும். படித்த ஏழை இளைஞன் ஒருவன் செல்வக் குடும்பத்தில் பெண் எடுத்து, அங்கே மானம் குன்றி வாடும் கதை அது. நிகழும் இடம் நாஞ்சில் நாடு. மும்பையில் வாழ்ந்துகொண்டே அவர் தம் ஊரை எழுதினார். ஊரில் இருக்கும்போது இயல்பாகத் தோன்றிய வரதட்சிணையும் சாதிப் பெருமையும் உறவினரின் கணக்குப் பார்க்கும் அன்பும், தொலைவிற்கு வந்ததும் கூர்மையாகத் தெரிந்தன போலும். கண்ணுக்கு மிக அருகில் பிடித்த ஏட்டை எவராலும் படிக்க இயலாது; சற்றுத் தள்ளிப் பிடித்தால்தான் எழுத்துத் தெளியும். குடிபெயர்ந்தவர்க்கு இழப்பு பல உண்டு. ஆனால் இத்தொலைவு என்னும் நன்மையும் அவர்க்குக் கிட்டுகிறது. நம்மில் பலர் அதனைப் பயன்படுத்துவதில்லை. ஊரை நினைந்து ஏங்குவதற்கு மட்டுமே தொலைவைச் செலவிடுகிறோம்.

1986இல் வந்த 'மிதவை' பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத இளைஞனைப் பின்தொடர்ந்து மும்பை சேர்கிறது. 1993இல் வந்த 'சதுரங்கக் குதிரை' அதே நகரத்தில் ஆண்டுகள் கழிந்த பின் ஒருவன் எந்நிலையில் இருப்பான் என்பதனைக் காட்டுகிறது. நாராயணன் என்னும் அம்மனிதனுக்கு அலுவலகம் உண்டு; மாதச் சம்பளம் உண்டு; மனைவி மக்கள் இல்லை. வயது ஏறிக்கொண்டே போகிறது. ஊருக்குப் போனால் அங்கே விருந்தாளி. திரும்பி வந்தால் இங்கே குடியேறியவன். சதுரங்கப் பலகையில் குதிரை நேர்வழியில் செல்வதில்லை. தாவித் தாவி எங்கெங்கோ செல்கிறது. நின்ற கட்டம் எதுவும் அதற்கு வீடாவதில்லை. தலைப்பின் பொருளை நாம் அவ்வாறு கொள்ளலாம்.

இந்நூலைப் படிக்கும்போது நாராயணனுக்காக இரங்குவது எளிது. ஆனால் அதனோடு நின்றுவிட்டால் நாம் பாதி வழியே சென்றவராவோம். மீதி வழி இதுதான்: நாம் வாழும் குடியிருப்பில், நம் அலுவலகத்தில், இத்தகைய நாராயணன் ஒருவர் இருக்கக் கூடும். பொங்கல் நாளில் அவர் வீட்டுக் கதவு மூடியே இருக்கும். அவர் காய்ச்சலில் கிடந்தால் பால்காரர்தாம் முதலில் அறிவார். கதையில் வரும் தனிமைக்குக் கண்ணீர் விட்ட நாம், எதிர்வீட்டுத் தனிமையைப் பற்றி என்ன செய்தோம்? நூல் இக்கேள்வியை எழுதி வைக்கவில்லை. நாமே எழுதிக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

நாஞ்சில் நாடன் பிறரை மட்டும் ஆராய்ந்தவர் அல்லர். 2003இல் 'நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வாழ்க்கை' என்னும் நூலை வெளியிட்டார். தாம் பிறந்த சமூகத்தின் உணவு, சடங்கு, திருமணம், சொத்து, பழக்கவழக்கம் ஆகியவற்றைக் குறைநிறைகளோடு எழுதினார். தன் சாதியைப் புகழ்ந்து எழுதிய நூல்கள் தமிழில் மிகப் பல. பிறர் சாதியை இகழ்ந்த நூல்களும் உண்டு. பிறந்த சாதியைப் பற்றற்று நோக்கி எழுதுவதற்கோ துணிவு வேண்டும்; அதனினும் மேலாக அன்பும் வேண்டும். 2010இல் 'சூடிய பூ சூடற்க' என்னும் சிறுகதைத் தொகுப்பிற்காக அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

வாடகை வீட்டு வாசலில் ஒரு கேள்வி

மும்பையில் மாட்டுங்கா லேபர் கேம்ப் என்று ஓர் இடம் உண்டு. பெயரில்தான் மாட்டுங்கா, நிலத்தில் அது தாராவியை ஒட்டிய உழைப்பாளர் குடியிருப்பு. அங்கே சிறுவயதில் வந்து வளர்ந்தவர் பாபுராவ் பாகுல் என்னும் மராத்தி எழுத்தாளர். 1930இல் நாசிக் பகுதியில் பிறந்தவர். மராத்தியில் தலித் இலக்கியத்திற்கு வழிகோலியவருள் ஒருவர். 1963இல் அவர் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பின் பெயர் 'நான் என் சாதியை மறைத்தபோது' என்று பொருள்படும்.

அப்பெயரைத் தாங்கிய கதை, வேலைக்காக வெளியூர் செல்லும் ஓர் இளைஞனைப் பற்றியது. ரயில்வேயில் வேலை கிடைக்கிறது. தங்க இடம் வேண்டும். சாதியைச் சொன்னால் வீடு கிடைக்காது. சொல்லாமல் இருக்கிறான். அவனை மதித்து வரவேற்ற அதே மனிதர்கள், உண்மை வெளிப்பட்டதும் அவனை அடிக்கிறார்கள். கதையின் முடிவில் அவன் அவர்களை வெறுக்கவில்லை; தன்னை அடித்தது அவர்கள் கை அன்று, பழைய மனுவின் கை என்கிற பொருளில் பேசுகிறான்.

இக்கதையைத் தமிழர் படிக்கும்போது ஒரு வியப்பு நிகழ்கிறது. முதற் பாதியில் அவ்விளைஞனை நாம் உடனே நம்மவனாகக் கொள்கிறோம். வெளியூரில் வேலை, தங்க இடமின்மை, "நீ யார், எந்த ஊர்?" என்று துருவும் பார்வை, இவை யாவும் நமக்குப் பழகியவை. மொழியின் பெயரால் வீடு மறுக்கப்பட்ட அனுபவம் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. ஆனால் பிற்பாதியில் கதை திரும்புகிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வந்தவனின் குலத்தை விசாரிக்கும் வீட்டுக்காரரையும் நாம் அறிவோம். அவர் அயல்மொழிக்காரராக இருக்க வேண்டுவதில்லை. "எந்தப் பக்கம்? எந்த ஆட்கள்? சைவமா?" என்று இனிய தமிழிலேயே கேட்பார். ஊரிலிருந்து புறப்பட்டபோது பெட்டியில் நாம் வைத்தவை பல: ஊறுகாய், வடகம், சாமி படம். வைக்காமலே உடன் வந்தது ஒன்று உண்டு. அதற்கு ரயிலில் எடைக்கட்டணம் கூட இல்லை.

மாட்டுங்காவிற்கு அடுத்த தாதரில், இந்து காலனியில், அம்பேத்கர் தம் நூல்களுக்கெனவே விரிவாக அமைத்த ராஜகிருகம் என்னும் இல்லம் இருக்கிறது. 1936இல் அவர் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரை, சாதி என்பது செங்கற் சுவர் போன்ற பொருளன்று, மனத்தில் உள்ள எண்ணம் என்று விளக்கியது. சுவராயின் இடித்துவிட்டு வேறிடம் போகலாம். எண்ணமாயின் நாம் போகுமிடமெல்லாம் அதுவும் வரும். குடிபெயர்ந்த நமக்கு இதனினும் பொருத்தமான விளக்கம் வேறில்லை. மாட்டுங்காவிற்கும் தாராவிக்கும் இடையே இருப்பது இருப்புப்பாதை மட்டும்தானா என்னும் ஐயத்திற்கு இங்கே விடை கிடைக்கிறது.

அடுக்களையைக் காட்டிய அம்பை

தற்சோதனை தெருவோடு நின்றுவிடுவதில்லை. வீட்டினுள்ளும் புக வேண்டும். அங்கே நம்மை அழைத்துச் செல்பவர் அம்பை என்னும் புனைபெயர் கொண்ட சி. எஸ். லட்சுமி. 1944இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். மும்பையிலும் பெங்களூரிலும் வளர்ந்தவர். மும்பையையே தம் வாழ்விடமாகக் கொண்டவர். 1988இல் வெளிவந்த அவருடைய 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்னும் தொகுப்பின் பெயர்க்கதை ராஜஸ்தானத்துக் கூட்டுக்குடும்பம் ஒன்றில் நிகழ்கிறது. வீடு பெரிது, சமையலறையோ மூலையில் ஒடுங்கிய இருட்டறை. அக்குடும்பத்திற்கு மருமகளாக வந்த தென்னாட்டுப் பெண், மற்றவர்க்குத் தோன்றாத அக்குறையைக் காண்கிறாள். அந்த இருட்டிலே பெண்களின் ஆண்டுகள் கழிந்துபோவதையும், அங்கேயே அவர்களுக்குள் அதிகாரப் போட்டி எழுவதையும் கதை காட்டுகிறது.

வந்தவள் அயலூர்ப் பெண் என்பதாலேயே அவளுக்கு அது தெரிந்தது. இங்கும் தொலைவே கண்ணைத் திறக்கிறது. நம் வீட்டு அடுக்களையை அயலவர் ஒருவரின் கண்ணோடு ஒரு முறை பார்த்தால் என்ன தோன்றும்? மும்பையின் ஓரறைக் குடியிருப்பில் சமையலறைக்கெனத் தனியிடம் கூட இல்லை. விருந்தினர் வந்தால் ஆண்கள் நாற்காலியில் அமர்ந்து தமிழின் பெருமையைப் பேசுகிறார்கள். திரைக்குப் பின்னால் ஒரு பெண் நின்றவாறே தோசை வார்க்கிறாள். அவளும் ஊரை விட்டு வந்தவள்தான். ரயில் ஏறலாமா என்று அவளிடம் எவரேனும் கேட்டிருப்பார்களா என்பது ஐயமே.

அம்பை கதைகள் எழுதியதோடு அமையவில்லை. 1988இல் 'ஸ்பாரோ' என்னும் பெண்கள் ஆவணக் காப்பகத்தை மும்பையில் தோற்றுவித்தவருள் அவர் முதன்மையானவர். பெண்களின் வாழ்வை அவர்களுடைய சொந்தக் குரலிலும் படத்திலும் பதிவு செய்து காப்பது அதன் நோக்கம். எழுதப்படாத வாழ்வு வரலாற்றில் இல்லாததாகிவிடும் என்பதனை உணர்ந்து செய்த செயல் அது. 2021இல் 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை' என்னும் தொகுப்பிற்காக அவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். செய்தி வந்தபோது நாம் பெருமை கொண்டோம். அப்பெருமையோடு, நம் தாயிடம் அவர் இந்நகரில் வந்திறங்கிய முதல் நாளைப் பற்றி ஒரு முறையேனும் கேட்டிருந்தால், அப்புகழுக்கு நாம் செய்யும் மரியாதை இன்னும் நிறைவுற்றிருக்கும்.

எழுத்தாளரைப் போற்றுவதும் படிப்பதும்

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். எழுத்தாளரைத் தெய்வமாக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. மாலை இடுகிறோம்; படத்தை மாட்டுகிறோம்; பட்டங்கள் சூட்டுகிறோம். எழுத்தாளரும் பசியும் சினமும் பிழையும் உடைய மனிதரே. அவரிடம் நாம் பெற வேண்டுவது குறையற்ற வாழ்வின் எடுத்துக்காட்டு அன்று. குறையுள்ள வாழ்வை உற்று நோக்கும் நேர்மையே. சிலையாக்கப்பட்டவர் நம்மை வினாவுவதில்லை. அதனாலேயே சிலைகளை நாம் விரும்புகிறோமோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. அவ்வாறே, ஓர் எழுத்தாளரின் வாழ்வில் ஒரு குறை கண்டவுடன் அவருடைய நூலையே வீசி எறிவதும் பொருந்தாது. அதுவும் வினாவிலிருந்து தப்பும் மற்றொரு வழியே.

ஆதலின், நல்லதொரு கதையைப் படித்து முடித்தவுடன் மூன்று வினாக்களை நம்மிடமே கேட்டுப் பார்ப்பது பயன் தரும். இக்கதையில் நான் யாரோடு சேர்ந்து நின்று பார்த்தேன் என்பது முதல் வினா. பெரும்பாலும் துன்புறுபவரோடு நாம் சேர்ந்து நிற்போம். அதுவே மனத்திற்கு இதம். இக்கதையில் துன்பம் தருபவரிடம் என் சாயல் ஏதேனும் உண்டா என்பது இரண்டாம் வினா. இதுவே கடினமானது; ஆனால் இதற்கு மெய்யான விடை கண்ட நாளில்தான் படித்ததன் பயன் தொடங்குகிறது. நாளைக் காலை என் நடையில் எது மாற வேண்டும் என்பது மூன்றாம் வினா. விடை மிகச் சிறியதாக இருக்கட்டும். ஒருவரின் பெயரைக் கேட்டு அறிதல், ஒரு வீட்டிற்கு நடந்து செல்லுதல், ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுதல், இவையே போதும்.

இவ்வினாக்களைத் தனியே கேட்பதினும் சிலர் கூடிக் கேட்பது நன்று. வேற்று மாநிலங்களில் தமிழ்ச் சங்கங்கள் உண்டு. அவற்றில் நூலகங்களும் உண்டு. திங்களுக்கு ஒரு சிறுகதை என எடுத்துக்கொண்டு, பத்துப் பேர் அமர்ந்து பேசினால் செலவு ஒன்றும் இல்லை. அப்பத்துப் பேரில் அலுவலகத்தாரும் பட்டறைத் தொழிலாளரும் இருக்க வேண்டும். பெண்களும் இளைஞரும் இருக்க வேண்டும். கூட்டம் ஒரு திங்கள் மாட்டுங்காவில் நடந்தால் மறு திங்கள் தாராவியில் நடக்கட்டும். ஒரே கதையை இரு வேறு வாழ்வினர் படிக்கும்போது, ஒருவர் காணாததை மற்றவர் காண்பார். தமிழ் எழுத்து அறியாத நம் பிள்ளைகளுக்கு யாரேனும் வாய்விட்டுப் படித்துக் காட்டலாம். வானொலி கேட்டு வளர்ந்த நமக்குச் செவிவழி இலக்கியம் புதிதன்று.

மனிதராக வாழ்தல் என்பது பெரிய சொல். அதனைப் பெரிய செயல்களால் மட்டுமே நிறைவேற்ற இயலும் என்று எண்ணி நாம் அஞ்ச வேண்டுவதில்லை. நம் வீட்டின் ஓர் அறையை வாடகைக்குக் கேட்டு நாளை ஓர் இளைஞன் வரக்கூடும். அவன் ஊரிலிருந்து புதிதாக வந்தவனாக இருப்பான். கையில் ஒரு பெட்டி, சட்டைப்பையில் வேலைக் கடிதம். அவனிடம் வாடகையைச் சொல்லலாம், முன்பணத்தைச் சொல்லலாம், தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லலாம். அதற்குமேல் ஒரு கேள்வி நம் நாவின் நுனிக்கு வரும். அதனை விழுங்கிவிட்டு, "உள்ளே வாருங்கள் தம்பி, முதலில் காப்பி குடியுங்கள்" என்று சொல்ல நம்மால் இயலுமாயின், நாஞ்சில் நாடனையும் பாகுலையும் அம்பையையும் நாம் படித்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.